நான்கு அரசுகள் பார்த்த மணல்

பெரியவிளைக் கடற்கரையில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினேன். மேல்மணல் வெளிறிக் கிடந்தது. ஒரு சாண் தோண்டியதும் கறுத்தது. மற்ற கடற்கரை மணலைவிட இது கனம். உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பார்த்தபோது கறுப்புக்கு நடுவே செந்நிறப் பொடியும் தேன்நிறப் பொடியும் தெரிந்தன. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், தேன்நிறம் மோனசைட். அந்தத் தேன்நிறப் பொடிக்குள்தான் தோரியம் இருக்கிறது. அதை வைத்து ஒரு சமஸ்தானம் தனி நாடாக நிற்கலாம் என்றுகூட ஒருகாலத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நான் வந்த நாள் நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. 1956-இல் இதே தேதியில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்தக் கதையை மேடையில் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லை மாறிய மண்ணில் நடந்தபடி அதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் மணவாளக்குறிச்சிக்கு வந்தேன்.

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் பேருந்தில் ஏறினால் வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை தாண்டி மணவாளக்குறிச்சி. வழியெல்லாம் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், இடையிடையே கோவில், பள்ளிவாசல், தேவாலயம், அய்யாவழிப் பதி. வெளியூர்க்காரர்கள் இந்த மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய கணக்கில் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். நெல்வயலும் குளமும் நிறைந்த கிழக்குப் பகுதி. மணவாளக்குறிச்சி இருக்கும் கல்குளம், வேணாட்டு அரசர்களின் சொந்த மண். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருந்த மக்கள் அந்த அரசை விட்டு ஏன் விலக விரும்பினார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

சந்திப்பில் ஒரு சாயாக்கடை. பெஞ்சில் எண்பதைத் தொட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“பாட்டா, ஐம்பத்தாறுல நீங்க இங்கதான் இருந்தீயளா?”

“இங்கதான் மக்கா. அப்பம் நான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தேன். காலையில முட்டாயி தந்தாவ, கொடி ஏத்துனாவ. இனி நாம மெட்ராசுன்னு சொன்னாவ. எங்க வீடு நின்ன எடத்துலதான் நின்னுது.”

அவர் பிறந்தபோது இந்த இடம் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949 ஜூலை 1-இல் கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956-இல் சென்னை மாநிலம். 1969 ஜனவரி 14-இல் அது தமிழ்நாடு என்று பெயர் மாறியது. ஒரே வீட்டில் இருந்தபடி நான்கு அரசுப் பெயர்களைப் பார்த்துவிட்ட தலைமுறை அது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். “பழசு எல்லாம் மலையாளம். வருசமும் கொல்லம் வருசம். எனக்க பேரனுக்கு வாசிக்கத் தெரியாது. யாரையாவது தேடிப் போய்த்தான் வாசிக்கணும்” என்றார். மேற்குத் தாலுகாக்களில் நிலத்தகராறு வந்தால் மலையாளம் தெரிந்த ஆளைத் தேடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசியவர் தன் நிலத்தைப் பற்றித் தானே வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தமிழகத்தோடு இணையக் கேட்ட போராட்டத்தின் காரணங்களில் இதுவும் ஒன்று என்பதை, அந்தப் பத்திரங்களைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

மொழிக்கும் முந்திய காயம் ஒன்று இந்தக் கரையில் உண்டு. நாடார் உள்ளிட்ட மக்கள் தலைவரியும் ஊழியமும் சுமந்தார்கள். பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய உரிமை கேட்டு, 1820-களிலிருந்து பல கட்டங்களாகப் போராடினார்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் பெரிய களங்கள் கல்குளமும் இரணியலும்தான். அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள், வீட்டையும் பள்ளியையும் எரித்தார்கள். 1859 ஜூலை 26-இல் மன்னர் உத்திரம் திருநாள் ஆணை பிறப்பித்த பிறகுதான் உரிமை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. சாமித்தோப்பில் அய்யாவழியின் வைகுண்டர் எழுந்ததும், மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷனரிப் பணியும் இதே காலத்துச் செய்திகள். 1940-களில் ‘தாய்த் தமிழகத்தோடு இணைவோம்’ என்ற குரல் எழுந்தபோது, அதற்குள் பாட்டிமார் பட்ட அவமானமும் இருந்தது. மொழிவாரி மாநில வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் போன்றோர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆயிற்று. பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் நேசமணி 1947-இல் சேர்ந்த பிறகு அது மக்கள் இயக்கமாக வளர்ந்தது. தாணுலிங்க நாடார், அப்துல் ரசாக், குஞ்சன் நாடார் என்று பல சமயத்தவரும் அதில் நின்றார்கள். 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு 12 பேரை அனுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் போனபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தாமே சிறையில் இருந்தபடி, மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். தாணுபிள்ளை விலகவில்லை, கட்சிக்குள் அந்தப் பிளவு ஆறவே இல்லை. சொந்தக் கட்சியின் ஆட்சியைப் பதவி விலகச் சொன்ன ஒரு தலைவரை இந்திய அரசியலில் எங்கே தேடுவது? புதுக்கடையில் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் லோகியாவையும் நான் நினைத்துக்கொள்வேன்.

நாடு முழுவதும் அப்போது இதே கொதிப்புதான். ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இறந்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிறந்தது. பிறகு பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் வந்தது. 1955 செப்டம்பர் இறுதியில் அறிக்கை தந்தது. நான்கு தென்தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. செங்கோட்டையும் முழுதாக வரவில்லை, மலைப்பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் ஏமாற்றத்தைச் சொல்லாமல் நவம்பர் 1-ஐக் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளுமாக இந்தியா வரையப்பட்டது. இன்று 28-உம் 8-உம்.

சாயா குடித்துவிட்டு மணல் ஆலைப் பக்கம் நடந்தேன். மதில் நீளமாகப் போகிறது. உள்ளே போக அனுமதி இல்லை. வெளியே நின்று பார்த்தாலே குவித்து வைத்த மணலின் கருமை தெரிகிறது. இந்திய அரிய மணல் ஆலை என்று பலகை சொல்வதை ஊர் மக்கள் ‘மணல் கம்பெனி’ என்று சுருக்கிவிட்டார்கள்.

இதன் தொடக்கம் கயிற்றில் இருக்கிறது. இந்தக் கரையில் தேங்காய்த் தொண்டை உப்பங்கழியில் அழுகவைத்து, அடித்துத் தும்பாக்கி, ராட்டில் கயிறு திரிப்பார்கள். கயிறு கப்பலேறி ஜெர்மனிக்குப் போனது. அதில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்தார். மோனசைட் இருந்தது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகளில் வெளிச்சம் தந்த மேண்டில் செய்யத் தோரியம் வேண்டும். அதற்கு மோனசைட் வேண்டும். பிரேசில்தான் அதைப் பெருமளவில் விற்றுக்கொண்டிருந்தது. ஷாம்பெர்க் மணவாளக்குறிச்சியைத் தேடி வந்து ஆலை வைத்தார். பிறகு சவறாவிலும் ஒன்று. முதல் உலகப்போர் மூண்டதும் அவர் கைதானார். ஆலை ஆங்கிலேயக் கம்பெனியிடம் போயிற்று. தும்படித்துக் கூலி வாங்கிய பெண்களுக்குத் தங்கள் கயிற்றோடு என்ன போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

விளக்கு மேண்டில் காலம் முடிந்தது. இல்மனைட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் தொழிலில் மவுசு வந்தது. பிறகு அணுகுண்டுக் காலம். தோரியத்தின் மேல் எல்லா வல்லரசுகளும் கண் வைத்தன. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்தபோது, அவருடைய துணிச்சலுக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது. மோனசைட் விற்பது பற்றி அவர் பிரிட்டனோடு பேசிக்கொண்டிருந்தார். டெல்லியில் நேருவுக்கு அது பெரிய கவலை. ஜூலை 25-இல் திருவனந்தபுரத்தில் திவானை ஒருவர் வெட்டினார், திவான் உயிர் தப்பினார். சில நாள்களில் மன்னர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். இங்கே கடற்கரையில் மணல் வாரியவர்களுக்கு அந்தப் பேரங்கள் எதிலும் பங்கில்லை.

1948-இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950 ஆகஸ்ட் 18-இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து அரிய மண் நிறுவனத்தைத் தொடங்கின. மோனசைட்டைப் பிரிக்க ஆலுவாயில் ஆலை. 1963-இல் நிறுவனம் முழுதாக மத்திய அரசின் அணுசக்தித் துறையிடம் போயிற்று. அதற்குப் பிறகு மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்தது. இந்த வரிசையைப் பார்க்கும்போதுதான் எனக்கு விஷயம் உறைக்கிறது. 1956-இல் நிலமும் மக்களும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனார்கள். மண்ணுக்கு அடியில் இருந்த மதிப்புமிக்க பொருள் அதற்கு முன்பே மாநிலங்களின் கையைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தது. எல்லையைப் பற்றி இரு தரப்பும் உயிரைக் கொடுத்து வாதாடிய காலத்தில், கடற்கரை ஊர்களிடம் மணலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆலை வேண்டாம் என்று இங்கே எல்லோரும் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கருமணலைக் கரையில் ஒதுக்குகிறது. சுற்றியுள்ள மீனவ ஊர் மக்கள் அதை வாரி ஆலைக்குக் கொடுப்பது நெடுநாள் ஏற்பாடு. மீன்பாடு இல்லாத மாதங்களில் அடுப்பு எரிய அது உதவுகிறது. ஆலையில் நிரந்தர வேலை கிடைத்த வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். “கம்பெனி இருக்கதனால கஞ்சி உண்டு தம்பி. ஆனா கடல் உள்ளாற வந்துட்டே இருக்கு. மணலை எடுத்தா கரை நிக்குமா? அதையும் நீங்க எழுதணும்” என்றார். எழுதிவிட்டேன்.

கதிர்வீச்சு பற்றிய அச்சமும் உண்டு. உலகில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள இடங்களில் இந்தக் கரையும் ஒன்று. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு நடந்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. அந்த முடிவைப் படித்தவர்கள் இங்கே குறைவு. இந்த ஊர் மக்களுக்கு அதைத் தமிழில், நேரில் வந்து, கேள்விக்குப் பதில் சொல்லி விளக்க வேண்டிய கடமை விஞ்ஞானிகளுக்கு இருக்கிறது.

மணல் வழியாகவே நடந்து வள்ளியாற்று முகத்துவாரத்துக்கு வந்தேன். வேளிமலையில் பிறந்த ஆறு கடியபட்டணத்தில் கடலில் சேர்கிறது. அக்கரையில் வீடுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் தேவாலயக் கோபுரம். 1544-இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரை நெடுக ஊர் ஊராக நடந்து முக்குவ மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு. உள்நாட்டார் சாதிக்கும் மொழிக்கும் போராடிய கதைகளில் மீனவர்கள் ஓரமாகவே வருகிறார்கள். அவர்களுடைய எல்லை வேறு. அவர்கள் போகும் கடலில் தாலுகா இல்லை. கொல்லம், நீண்டகரை, கொச்சி வரை போய்த் தங்கித் தொழில் செய்து வருகிறார்கள். இணைப்புக்குப் பிறகு நடந்த 1957 தேர்தலில், குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன் இந்த மீனவச் சமூகத்துப் பெண். காமராஜர் அவரை உள்ளாட்சித் துறை அமைச்சராக்கினார். புதிய மாநிலம் இந்தக் கரைக்குத் தந்த முதல் மரியாதை அது. நம் பாடநூல்களில் அவர் பெயருக்கு இன்னும் நல்ல இடம் வேண்டும்.

அங்கிருந்து மேற்கே மண்டைக்காடு. வழியில் ஏ.வி.எம். கால்வாயைத் தேடினேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860-இல் தொடங்கிய வேலை. பூவாறு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் கடந்து மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. ஒருகாலத்தில் உப்பும் தேங்காயும் கயிறும் வள்ளத்தில் போன வழி. இப்போது பல இடங்களில் தூர்ந்து ஆக்கிரமிப்பும் குப்பையுமாகக் கிடக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கிடையே விழுந்த சொத்துகளில் யாரும் உரிமையோடு பேணாதவற்றில் இதுவும் ஒன்று. அதற்கு நேர்மாறு பத்மநாபபுரம் அரண்மனை: தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, கேரள அரசின் தொல்லியல் துறை அதை அழகாகப் பேணி வருகிறது. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. 1956-இல் இந்த வழக்கத்தை அறுக்காமல் விட்ட பெரியவர்களை நான் மதிக்கிறேன்.

மண்டைக்காட்டுப் பகவதி, புற்று வடிவான அம்மன். மாசிக் கொடைக்குப் பத்து நாளும் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். கேரளத்துப் பெண்கள் ஏராளம். நான் போன நாளில் கூட்டம் இல்லை. மண்டையப்பம் வாங்கிக்கொண்டு கோவிலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள வழியில் நின்றேன். தூரம் கொஞ்சம்தான். 1982 மாசியில், மார்ச் 1 அன்று, கடலாட வந்த பக்தர்களுக்கும் கரையோர மீனவர்களுக்கும் மூண்ட மோதல் இந்த வழியில்தான் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். கலவரம் மாவட்டம் முழுக்கப் பரவியது. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராக நடந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. மொழி ஒன்றாகி, மாநிலம் ஒன்றாகி, கால் நூற்றாண்டு கழிந்த பிறகு நடந்தது இது. 1954-இல் தோளோடு தோள் நின்றவர்களின் பிள்ளைகள் ஒருவர் வீட்டை ஒருவர் எரித்தார்கள் என்பதை எழுதவே கை கூசுகிறது. இன்று அந்த வழியோரக் கடைகளில் யார் எந்தச் சமயம் என்று பார்த்து யாரும் வாங்குவதில்லை. ஆனாலும் மாசி வந்தால் போலீஸ் கூடுதலாகவே நிற்கிறது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது கிள்ளியூர் தாலுகாவிலிருந்து வந்த இளைஞர்கள் சிலரோடு பேசினேன். அவர்கள் பேச்சில் 1956 இல்லை. கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 எக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டம்தான் பேச்சு. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிவைத்தார்கள். அனுமதி கேட்பது மத்திய நிறுவனம், கூட்டம் நடத்துவது மாநில நிர்வாகம், நிலமும் கடலும் ஊருடையவை. கூட்டம் எப்போது நடந்தாலும் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளை ஆட்களையும் மேடையேற்றிப் பேசவைக்க வேண்டும் என்று அந்த இளைஞர்களிடம் சொன்னேன். மணல் ஆலையோடு நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்கள்தான். கிடைத்த வேலையையும் இழந்த கரையையும் கணக்குப் பார்த்துச் சொல்ல அவர்களால் முடியும். “அவிய வருவாவளா?” என்று ஒருவர் கேட்டார். வலை பொத்திக்கொண்டிருந்த அக்காவின் ஊரையும், அவரைப் பார்த்த இடத்தையும் சொல்லி அனுப்பினேன்.